மார்கழியில் அலறும் செல்ஃப்

மார்கழி மாதம். ஊட்டியில் அக்கா வீட்டு வாசல் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடந்தது. உறைபனி. காலை ஆறரை மணிக்கு மாமா காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். ‘டக்’ என்றது. ‘ர்ர்... ர்ர்... ர்ர்...’ என்று சோம்பலாக இழுத்தது. இன்ஜின் பற்றிக்கொண்டது. அந்த நொடியில்தான் அந்தச் சத்தம் வந்தது: தகரத்தை ரம்பத்தால் அறுப்பதுபோல் ஒரு கிறீச்சல். இரண்டு விநாடி இருக்கும். எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

“பத்து நாளா இப்படித்தான். மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுபோனா ஒரு சத்தமும் கிடையாது. அங்க ராத்திரி நிறுத்தி விடியக்காலைல எடுத்தாலும் பூ மாதிரி எடுக்குது. இங்க வந்து விடிஞ்சா அலறுது” என்றார் மாமா.

அதே கார், அதே சாவி, அதே ஆள். நடுவில் இருப்பது ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை மட்டுமே. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டரை ஒட்டி. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று சுமார் ஆறரை டிகிரி குளிர்கிறது என்பது பொதுக்கணக்கு. ஆக, கீழே 18 டிகிரியாக இருக்கும் விடியல் மேலே ஐந்தாறு டிகிரியாகிறது. குளிர்காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்கும் தலைகுந்தா, காந்தல் போன்ற இடங்களில் தரையோரம் சுழியத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

“குளிர்ல இரும்பு சுருங்குதில்ல? அதான் பல்லு சரியா உக்காரல” என்று காரணமும் சொல்லிவிட்டார். பலரும் சொல்லும் காரணம்தான். பள்ளிப் பாடத்தில் படித்தது வேறு, மறுப்பது கடினம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இரும்பு எவ்வளவு சுருங்கும்?

கார் இன்ஜினின் பின்புறம் ஒரு கனத்த சக்கரம் இருக்கிறது. அதைச் சுற்றி வளையல் மாட்டியதுபோல் ஒரு பல்வளையம். மெக்கானிக்குகள் ‘ரிங் கியர்’ என்பார்கள். அதன் குறுக்களவு ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிற்பகல் 20 டிகிரியிலிருந்து விடியற்காலை 2 டிகிரிக்குக் குளிர்கிறது. எஃகு இந்தப் பதினெட்டு டிகிரியில் தன் நீளத்தில் நாலாயிரத்தைந்நூறில் ஒரு பங்கு சுருங்கும். முப்பது சென்டிமீட்டர் வளையம் ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்குக் குறுகும். அவ்வளவுதான்.

அந்த வளையத்தின் பல்லுக்கும் அதில் வந்து கோர்க்கும் சின்னச் சக்கரத்தின் பல்லுக்கும் நடுவே வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். அது அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். தலைமுடியைவிடப் பல மடங்கு அதிகம். போதாததற்கு, வளையத்தோடு சேர்ந்து அதைத் தாங்கும் கூடும் சுருங்குகிறது. குளிரில் பல் உட்காராமல் போவதற்கு இது காரணமாக முடியாது.

அப்படியானால் குளிரில் பெரிய அளவில் மாறுவது எது? எண்ணெய். எண்ணெய்களும் கிரீஸும் வழிந்தோட மறுக்கும் குணத்தைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘பாகுநிலை’ என்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்களில் ஒன்று இது. அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. அடுப்பில் இருக்கும்போது கரண்டியிலிருந்து ஒழுகும் பாகு, இறக்கிவைத்து ஆறியதும் கரண்டியையே பிடித்துக்கொள்கிறது. கிரீஸில் இருக்கும் கனமான எண்ணெயும் அப்படித்தான். அதே பதினெட்டு டிகிரி இறக்கத்தில் அதன் பாகுநிலை மூன்று நான்கு மடங்கு ஏறிவிடும். இரும்பில் நாலாயிரத்தில் ஒரு பங்கு மாற்றம், எண்ணெயில் இருநூறு, முந்நூறு சதவீத மாற்றம். குளிர்காலையில் ஒரு இயந்திரம் முரண்டு பிடித்தால் முதலில் இரும்பைச் சந்தேகிக்காமல் அதன்மேல் பூசியிருப்பதைச் சந்தேகிக்க வேண்டும்.

ஊட்டிக்காரர்கள் இங்கே தேங்காய் எண்ணெயை நினைத்துக்கொள்வார்கள். அது வேறு கதை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறைந்து திடப்பொருளாகிறது. இன்ஜின் ஆயில் ஊட்டிக் குளிரில் உறைவதில்லை. படிப்படியாகக் கெட்டிப்படுகிறது, அவ்வளவே. ஆயில் டப்பாவில் 20டபிள்யூ–50, 5டபிள்யூ–30 என்று எழுதியிருப்பதில் உள்ள ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் சிறிதாக இருந்தால் அந்த ஆயில் குளிரிலும் அதிகம் கெட்டிப்படாது.

‘செல்ஃப்’ என்ற பெயர்

சாவியைத் திருப்பினால் இன்ஜினைச் சுழற்றிவிடும் மின்மோட்டாரை நம் ஊரில் யாரும் ஸ்டார்ட்டர் என்று சொல்வதில்லை. ‘செல்ஃப்’ என்றுதான் சொல்கிறோம். ‘செல்ஃப் எடுக்கல’, ‘செல்ஃப் அடிச்சுப் பாரு’. இந்தச் சொல்லுக்குள் நூறு வருட வரலாறு பொதிந்திருக்கிறது. முன்பு காரின் மூக்கில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகிக் கையால் சுற்றித்தான் இன்ஜினை எழுப்பினார்கள். இன்ஜின் எதிர்த்திசையில் ஓர் உதை உதைத்தால் கம்பி திரும்பி வந்து மணிக்கட்டை முறித்துவிடும். அந்தக் கைவேலை இல்லாமல் தானாக எழுவதால் அது ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’. கம்பி போய்விட்டது, ஸ்டார்ட்டர் என்ற சொல்லும் உதிர்ந்துவிட்டது, ‘செல்ஃப்’ மட்டும் நம் நாக்கில் நின்றுவிட்டது.

மின்சார செல்ஃபைக் காரில் நிலைநிறுத்தியவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். 1912ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் கார்களில் அது வந்தது. அதற்கு முன் அவர் கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்தை மின்மோட்டாரால் திறக்கவைக்கும் வேலையில் இருந்தார். அங்கே கற்ற பாடம்தான் காருக்கும் உதவியது. கல்லாப்பெட்டியின் மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. ஒரு கணம் ஓங்கி உதைத்தால் போதும். நாள் முழுக்க ஓடாத மோட்டார் சூடாகி எரிய நேரமில்லை. ஆகவே அதன் உடம்புக்கு மீறிய மின்னோட்டத்தை ஒரு சில விநாடிகள் அதில் பாய்ச்சலாம். இன்றைக்கும் கையளவு செல்ஃப் ஒன்று பேட்டரியிலிருந்து நூற்றைம்பது, இருநூறு ஆம்பியர் இழுத்து ஒரு முழு இன்ஜினைச் சுழற்றிவிடுகிறது. அதனால்தான் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்கக் கூடாது, அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது விட வேண்டும் என்கிறார்கள். வீட்டு மோட்டார் ஓய்வில்லாமல் வேலை செய்யப் பிறந்தது. செல்ஃப் ஓய்வெடுக்கப் பிறந்தது. இடையில் இரண்டு விநாடி உழைக்கிறது.

பல் கோர்ப்பதும் பிரிவதும்

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் வந்திருந்தால் கல்லாறு நினைவிருக்கும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு பல் தண்டவாளம் ஓடுகிறது. இன்ஜினின் அடிவயிற்றில் உள்ள பற்சக்கரம் அதில் கோர்த்துக்கொண்டு ஏறுகிறது. பல் தொடங்கும் இடத்தில் ரயில் மெல்ல ஊர்ந்துதான் நுழையும். வேகமாக மோதினால் பல்லோடு பல் இடித்துச் சிதறும்.

நம் காருக்குள் ஒவ்வொரு காலையும் இதேதான் நடக்கிறது. செல்ஃப் மோட்டாரின் அச்சு நுனியில் ஒரு சின்னப் பற்சக்கரம் இருக்கிறது. பட்டறையில் அதை ‘பெண்டிக்ஸ்’ என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சும்மா இருக்கும்போது அது பல்வளையத்தைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும். சாவியைத் திருப்பியதும் செல்ஃபின் தோளில் இருக்கும் மின்காந்தம், அதாவது ‘சொலினாய்டு’, ஒரு நெம்புகோலை இழுத்து அந்தச் சக்கரத்தை முன்னே தள்ளுகிறது. முதலில் கேட்ட ‘டக்’ அதுதான். பல் கோர்த்த பிறகு அதே மின்காந்தம் ஒரு தடித்த செப்புத் தொடுப்பை மூட, பேட்டரியின் முழு மின்னோட்டமும் மோட்டாருக்குள் பாய்கிறது. முதலில் கோர்ப்பு, பிறகு விசை. கல்லாறு ஒழுங்கு.

சின்னச் சக்கரத்தில் ஒன்பது பல், வளையத்தில் நூற்றெட்டுப் பல் என்று வைத்துக்கொள்வோம். சின்னது பன்னிரண்டு சுற்று சுற்றினால் இன்ஜின் ஒரு சுற்று சுற்றும். செல்ஃப் நிமிடத்துக்கு 2400 சுற்றில் ஓடினால் இன்ஜின் 200 சுற்றில் புரளும். ‘ர்ர்... ர்ர்...’ என்பது அந்தப் புரளல். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும்போது மோட்டார் திணறி, தாண்டியதும் விடுபடுகிறது. அந்தத் திணறலும் விடுதலையும்தான் நம் காதில் ‘ர்ர்’ ஆகின்றன.

இப்போது இன்ஜின் பற்றிக்கொள்கிறது. குளிரில் எழுந்த இன்ஜின் சட்டென்று 1200, 1300 சுற்றுக்குத் தாவும். பல் இன்னும் கோர்த்திருந்தால் கணக்கு தலைகீழாகிறது. இதுவரை சின்னச் சக்கரம் பெரியதை ஓட்டியது. இனி பெரியது சின்னதை ஓட்டும். 1200ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 14,400. செல்ஃப் மோட்டாரை அந்த வேகத்தில் சுழற்றினால் அதன் ஆர்மேச்சரில் சுற்றிய செப்புக் கம்பிகள் வெளியே பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

அப்படி நேராமல் இருக்க இரண்டு காவல் உண்டு. ஒன்று, பெண்டிக்ஸுக்குள்ளேயே இருக்கும் ஒருவழிப் பிடி. சைக்கிளின் ஃப்ரீவீலை நினைத்துக்கொள்ளுங்கள். மிதித்தால் சக்கரம் ஓடும். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்போக்கில் ஓடும். நம் காலைச் சுழற்றாது. இங்கே மோட்டார்தான் கால், இன்ஜின்தான் சக்கரம். இன்ஜின் முந்திக்கொண்டதும் சின்னச் சக்கரம் மட்டும் வெறிகொண்டு சுழலும், மோட்டார் தப்பிவிடும். இரண்டாவது காவல், திரும்பி வருதல். சாவியை விட்டதும் மின்காந்தம் செத்துவிட, ஒரு சுருள்வில் பெண்டிக்ஸைப் பின்னால் இழுக்கிறது. அச்சில் மரையாணி போலச் சாய்வாக வெட்டிய காடிகளும் அதைப் பின்னோக்கித் தள்ள உதவுகின்றன. கண் இமைப்பதற்குள் பல் பிரிந்துவிடும், பிரிய வேண்டும்.

பிரியாவிட்டால்?

சத்தம் எப்போது வருகிறது?

செல்ஃப் கோளாறில் மிகப் பெரிய தடயம் சத்தத்தின் தன்மை அல்ல, அது வரும் நேரம். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘கடகட’, ‘கிறீச்’, ‘கரகர’ என்று நாம் வாயால் செய்துகாட்டும் சத்தத்தை வைத்து எந்த மெக்கானிக்கும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ‘சாவியை விட்ட பிறகு வந்தது’ என்று ஒரு வாக்கியம் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

சாவியைத் திருப்பியதும் ‘டடடடட’ என்று கட்டை தட்டினால், இன்ஜின் அசையவே இல்லையென்றால், அது பேட்டரி. மின்காந்தம் பெண்டிக்ஸைத் தள்ளித் தொடுப்பை மூடுகிறது. மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தைத் தர முடியாமல் பேட்டரியின் அழுத்தம் தொப்பென்று விழுகிறது. அழுத்தம் விழுந்ததால் மின்காந்தமே பிடிப்பை இழக்கிறது, தொடுப்பு திறக்கிறது. சுமை போனதும் பேட்டரி மூச்சு வாங்கி எழுகிறது, மின்காந்தம் மறுபடி பிடிக்கிறது. இது விநாடிக்குப் பல முறை நடக்கும். மோட்டார் ‘உய்ய்’ என்று வெறுமனே சுற்றி இன்ஜின் புரளாவிட்டால் ஒருவழிப் பிடி வழுக்குகிறது. பழைய சைக்கிளில் ஃப்ரீவீல் பிசின் பிடித்து மிதி வெறுமனே சுற்றுமே, அதே நிலை. இதுவும் குளிர்காலையில் அதிகம் வரும். காரணமும் அதே கெட்டிப்பட்ட கிரீஸ்தான்.

மாமாவின் காரில் இவை எதுவுமில்லை. இன்ஜின் பற்றிக்கொண்ட பிறகுதான் அலறியது. மறுநாள் காலை நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைக் கவனித்தேன். சில பேர் குளிரில் இன்ஜின் அணைந்துவிடுமோ என்ற பயத்தில் சாவியை விடாமல் பிடித்திருப்பார்கள். அப்படியானால் அலறல் அவர்கள் கையில்தான் இருக்கிறது. மாமா உடனே விட்டுவிட்டார். சாவி தானாகத் திரும்பி வந்த பிறகும் சத்தம் தொடர்ந்தது.

பானெட்டைத் திறந்துவைத்து அந்தச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். நாலைந்து முறை போட்டுக் கேட்டபோது ஒரு விஷயம் தெளிவானது. கிறீச்சலின் சுருதி மேலே ஏறிக்கொண்டே போனது; இன்ஜின் வேகம் ஏற ஏற அதுவும் ஏறியது; பிறகு கத்தியால் வெட்டினாற்போல் நின்றது.

இந்தச் சுருதிதான் துப்பு. மிக்ஸியை நிறுத்தும்போது என்ன கேட்கிறது? சத்தம் படிப்படியாகத் தாழ்ந்து அடங்கும். தன்னந்தனியாகச் சுழன்று ஓயும் எந்த மோட்டாருக்கும் அதுதான் இலக்கணம். செல்ஃபின் முன்நுனியைத் தாங்கும் வெண்கல ‘புஷ்’ காய்ந்துபோயிருந்தால் இன்ஜின் எழுந்த பிறகு ஓர் ஊளை கேட்கும். ஆனால் அது மிக்ஸி மாதிரி இறங்கு சுருதியில் போகும். நம் சத்தமோ இன்ஜினோடு சேர்ந்து ஏறியது. ஏறுகிறதென்றால் அந்தச் சத்தத்தை எழுப்பும் பொருள் இன்னும் இன்ஜினோடு கட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். வெட்டினாற்போல் நின்றதென்றால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது.

இன்ஜினோடு கட்டுண்டு கிறீச்சிடும் வேறொரு பொருளும் உண்டு: ஆல்டர்னேட்டரை ஓட்டும் பெல்ட். குளிர்காலையில் செல்ஃப் குடித்த மின்சாரத்தைத் திரும்பப் பேட்டரிக்குள் நிரப்ப ஆல்டர்னேட்டர் முழுமூச்சாக உழைக்கும். தளர்ந்த பெல்ட் அப்போது வழுக்கி அலறும். பலர் இதையே செல்ஃப் சத்தம் என்று நினைத்து நல்ல செல்ஃபை இறக்கிவைத்துவிடுகிறார்கள். பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. ஹெட்லைட்டைப் போட்டால் ஆல்டர்னேட்டரின் சுமை கூடும், பெல்ட்டின் அலறலும் கூடும். மாமாவிடம் லைட்டைப் போட்டுக்கொண்டே ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். சத்தத்தில் மாற்றமில்லை. வந்த இடமும் பெல்ட் இருக்கும் பக்கம் அல்ல, கியர்பாக்ஸ் பக்கம்.

ஆக, பெண்டிக்ஸ் திரும்பி வர இரண்டு விநாடி தாமதிக்கிறது.

பிற்பகல் இரண்டு மணி

ஆனால் தாமதத்துக்குக் குளிர்தான் காரணமா? இன்னொரு சந்தேகமும் இருந்தது. ‘குளிர்காலை’ என்ற சொல்லில் இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: குளிர் ஒன்று, இரவெல்லாம் ஓடாமல் நின்றது இன்னொன்று. இரவெல்லாம் நின்றதால் ஆயில் வடிந்திருக்கலாம், ஈரம் படிந்திருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் குளிரின்மேல் பழி போடக் கூடாது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மாமாவுக்கு வெளியே போகிற வேலையில்லை. காரைக் காலையில் தொடவே வேண்டாம் என்று சொன்னேன். முந்தைய இரவு நிறுத்திய கார் பதினெட்டு மணி நேரம் அப்படியே நின்றது. பிற்பகல் இரண்டு மணிக்கு நல்ல வெயில். வராந்தாவில் தொங்கிய வெப்பமானி 20 டிகிரி காட்டியது. வழக்கமான இரவைவிட அதிக நேரம் நின்ற இன்ஜின். மாமா சாவியைத் திருப்பினார். ‘டக்’, ‘ர்ர்ர்ர்’, அவ்வளவுதான். கிறீச்சல் இல்லை. அக்கா சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, “சரியாயிடுச்சா?” என்று கேட்டாள்.

சரியாகவில்லை. ஆனால் கேள்வி சரியான இடத்தில் வந்து நின்றுவிட்டது. நின்ற நேரமல்ல, வெப்பநிலைதான். மேட்டுப்பாளையத்து மௌனத்துக்கும் இதுதான் விடை. அங்கே விடியற்காலையும் ஊட்டியின் பிற்பகலும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலை.

கறுப்புப் பசை

திங்கட்கிழமை காலை ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனோம். கோயம்புத்தூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் கடையைப் பார்த்துக்கொள்கிறார். நான் பதிவைப் போட்டுக் காட்டியதும் ஒரு முறைதான் கேட்டார். “பெண்டிக்ஸ் ரிட்டன் ஆகல சார். செல்ஃப இறக்கிப் பாத்துரலாமுங்க.”

முதல் வேலையாகப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றினார். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. பேட்டரியிலிருந்து செல்ஃபுக்கு வரும் தடித்த கம்பியில் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது. இருநூறு ஆம்பியர் போகும் பாதையில் ஸ்பேனர் தவறிப்போய் பாடியில் பட்டால் அந்த ஸ்பேனரே வெல்டிங் ராடாகிவிடும்.

இறக்கிய செல்ஃபின் மூக்கைப் பிரித்து பெண்டிக்ஸை உருவினார். எளிதில் வரவில்லை. விரலால் தள்ளினால் சொகுசாக வழுக்கி, விட்டதும் திரும்ப வேண்டிய பொருள், பாதியில் நின்றது. சாய்வுக் காடிகளில் தார் போல ஒரு கறுப்புப் பசை. கிளட்ச் தேய்ந்து உதிரும் தூள் செல்ஃபின் மூக்குக்குள்தான் வந்து படியும். அது மட்டும் உலர்ந்த தூளாக இருந்திருந்தால் பெரும்பாலும் உதிர்ந்துபோயிருக்கும். எப்போதோ ஒரு பட்டறையில் யாரோ நல்லெண்ணத்தோடு சக்கர பேரிங்குக்குப் போடும் கனத்த கிரீஸை அங்கே அப்பியிருக்கிறார்கள். தூளும் கிரீஸும் சேர்ந்து குழைந்துவிட்டன.

கிரீஸ் என்பது தனிப்பொருள் அல்ல. அது சோப்புப் பஞ்சில் தேக்கிவைத்த எண்ணெய். நாம் குளிக்கும் சோப்பின் உறவினரான ஓர் உலோகச் சோப்பு நுண்ணிய இழைகளாகப் பின்னி நிற்க, அதன் நடுவே எண்ணெய் தங்குகிறது. ஆகவே குளிரில் கிரீஸ் எப்படி நடந்துகொள்ளும் என்பது அதற்குள் இருக்கும் எண்ணெயைப் பொறுத்தது. சக்கர பேரிங் கிரீஸ் சூட்டைத் தாங்க வேண்டும், வழிந்து ஓடிவிடக் கூடாது. அதற்காகக் கனமான எண்ணெயை வைத்துச் செய்திருப்பார்கள். சுருள்வில்லின் விசை விடியற்காலையிலும் பிற்பகலிலும் ஒன்றேதான். எதிர்க்கும் பசை மட்டும் மூன்று நான்கு மடங்கு கெட்டியாகிறது. அதே விசையில் அதே தூரத்தைக் கடக்க அத்தனை மடங்கு நேரம் பிடிக்கும். தூள் சேர்ந்த பசையில் அதற்கும் மேலே. பிற்பகலில் காதுக்கு எட்டாமல் முடிந்துவிடும் தாமதம், விடியலில் நாயை எழுப்பும் அளவுக்கு நீள்கிறது. அந்த இரண்டு விநாடியும் சின்னச் சக்கரம் நிமிடத்துக்குப் பதினாலாயிரம் சுற்றில் பல்லோடு பல் உரசி அலறுகிறது.

தூரிகையை மண்ணெண்ணெயில் தோய்த்து அச்சையும் காடிகளையும் இளைஞர் துலக்கினார். பெண்டிக்ஸை மட்டும் மண்ணெண்ணெயில் முக்கவில்லை. துணியால் துடைத்தார். கேட்டதற்கு, “உள்ள அதுக்குன்னு ஒரு கிரீஸ் வச்சு அடைச்சிருப்பாங்க. முக்குனா அது கரைஞ்சு போயிரும். அப்புறம் பெண்டிக்ஸே போயிருமுங்க” என்றார். ஒருவழிப் பிடியின் உருளைகளுக்கு அந்த மசகு ஆயுளுக்கும் சேர்த்து வைத்தது. சுத்தம் செய்கிறேன் என்று முழுக்க ஊறவைத்துக் கெடுத்த பெண்டிக்ஸ்கள் நிறைய.

பிறகு குளிரிலும் இளகி நிற்கும் மெல்லிய கிரீஸை விரல்நுனியில் தொட்டு, காடிகளில் படலமாக இழுத்துவிட்டார். பளபளப்பு தெரிந்தது, கிரீஸ் தெரியவில்லை. இதுதான் அளவு. அதிகம் போட்டால் நல்லது என்ற எண்ணம் சப்பாத்தி மாவுக்குப் பொருந்தலாம், செல்ஃபுக்குப் பொருந்தாது. கார்பன் பிரஷ்கள் பாதிக்கு மேல் மீதமிருந்தன, மாற்றவில்லை. முன்நுனி புஷ் லேசாக ஆடியதால் புதிது அடித்தார்.

செல்ஃபை இறக்கியிருந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து ரிங் கியரையும் காட்டினார். இன்ஜினைக் கையால் மெல்லத் திருப்பத் திருப்ப, பற்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. ஒரு இடத்தில் முனை மழுங்கியிருந்தது. சரியாக அரைச்சுற்று தள்ளி, எதிர்ப்புறத்தில் அதே மழுங்கல். மற்ற இடமெல்லாம் கூர்மை. இது எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது, காரணம் புரியும் வரை. நான்கு சிலிண்டர் இன்ஜினில் அரைச்சுற்றுக்கு ஒரு முறை ஏதோவொரு சிலிண்டர் காற்றை அமுக்குகிறது. நாம் இன்ஜினை அணைத்ததும் அது சுழன்று தளர்ந்து, அடுத்த அமுக்கத்தைத் தாண்ட முடியாமல் அதற்குச் சற்று முன்பே நின்றுவிடுகிறது. அப்படி நிற்கக்கூடிய இடம் ஒரு சுற்றில் இரண்டே இரண்டு. ஆகவே ஒவ்வொரு காலையும் பெண்டிக்ஸ் வந்து இடிப்பது அந்த இரண்டு இடத்தில்தான். மூன்று சிலிண்டர் இன்ஜினில் மூன்று இடம் தேயும். பல்வளையத்தின் தேய்மானத்தைப் பார்த்தே இன்ஜினின் சிலிண்டர் எண்ணிக்கையை ஓரளவு ஊகித்துவிடலாம்.

மீதமிருந்த ‘ர்ர்...’

செவ்வாய்க்கிழமை விடியல் இன்னும் குளிராக இருந்தது. கார்க் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. மாமா சாவியைத் திருப்பினார். ‘டக்’. ‘ர்ர்... ர்ர்... ர்ர்...’ இன்ஜின் எழுந்தது. கிறீச்சல் இல்லை.

கிறீச்சல் மறைத்திருந்த ஒன்று இப்போது தனியாகக் கேட்டது. அந்த ‘ர்ர்’களுக்கு நடுவே இடைவெளி அதிகம். இரண்டு பக்கமிருந்து நெருக்கும் குளிரின் வேலை இது. இன்ஜின் ஆயில் கெட்டிப்பட்டதால் இன்ஜின் அதிகம் கேட்கிறது. பேட்டரிக்குள் அமிலத்தின் வேதிவினை மந்தப்பட்டதால் பேட்டரி குறைவாகத் தருகிறது. கேட்பது கூடிக் கொடுப்பது குறையும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் பழைய பேட்டரிகள் கைவிடுகின்றன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பேட்டரியை உண்மையில் முதுமையாக்குவது வெயில். சமவெளிக் கோடையில் இன்ஜின் அருகே வெந்துகொண்டிருக்கும் பேட்டரியின் தகடுகள் வேகமாக அரிக்கப்படுகின்றன, நீர் வற்றுகிறது. ஆனால் வெயிலில் ஆயில் இளகியிருப்பதால் இன்ஜின் கொஞ்சம்தான் கேட்கிறது. நோய் வெளியே தெரிவதில்லை. மாமாவின் வேலை பாதி மாதம் மேட்டுப்பாளையத்தில். அங்கே ஏப்ரலில் பட்ட காயம் இங்கே மார்கழியில் தெரிகிறது.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். இரவு ஓய்வுக்குப் பின் 12.4 வோல்ட். முழுதாக ஏறிய பேட்டரி 12.6 காட்டும், சற்றுக் குறைவு, பயப்படும்படி இல்லை. செல்ஃப் அடிக்கும்போது 9.2க்கு விழுந்தது. ஒன்பதரைக்குக் கீழே போனால் எச்சரிக்கை என்பது பட்டறைக் கணக்கு. டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்ததை வெந்நீர் ஊற்றிக் கழுவி, தேய்த்து, மறுபடி முறுக்கினேன். 9.4 ஆனது. பேட்டரியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் தேதி பார்த்தோம். நாலு வருடம் முடிந்து இரண்டு மாதம்.

“பொங்கலுக்குள்ள மாத்திரலாமா?” என்று கேட்டார் மாமா.

“பொங்கல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம் மாமா. இந்த வாரமே மாத்திருங்க” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டபடியே இறங்கி, கண்ணாடியில் படிந்திருந்த பனியைத் துணியால் வழித்தார். எதிர்வீட்டு நாய் படியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.